பட்டா நிலத்துப் பனை

திருநாவலூர் பக்தஜனேசுவரர் கோயிலின் தலமரம் நாவல். அதன்மேல் கோடாலி வைக்க யாருக்கும் கை வராது. ஊருக்கு வெளியே பட்டா நிலத்து வரப்பில் நிற்கும் பனைக்கு அந்தக் காப்பு இல்லை. செங்கல் சூளைக்கு விறகு தேவைப்படும்போது, வியாபாரி சொன்ன விலைக்கு அது சாய்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. ‘என் நிலம், என் மரம், நடுவில் கலெக்டர் எதற்கு?’ என்று விவசாயி கேட்டால் அது நியாயமான கேள்விதான். தனியார் நிலத்து மரத்துக்கும் சட்டக் காப்பு வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் எல்லா மரத்துக்கும் ஒரே விதி கூடாது. வெட்டினால் எளிதில் மீளாத மரத்துக்குத்தான் கடுமை வேண்டும்.

வேம்பையும் புளியையும் வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். பனை துளிர்க்காது. அதற்கு வளர்நுனி ஒன்றே ஒன்று, அதுவும் உச்சிக் கொண்டைக்குள். கொண்டை போனால் மரம் போயிற்று. வேறொன்று நட்டுக்கொள்ளலாமே என்பவர்கள் பனங்கொட்டை முளைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து முதலில் வருவது மேல்நோக்கிய துளிர் அல்ல. குருத்தைத் தன்னுள் பொதிந்துகொண்டு மண்ணுக்குள் கீழிறங்கும் ஒரு குழல். அதன் அடியில்தான் நாம் அவித்துத் தின்னும் கிழங்கு திரள்கிறது. வறட்சிக்கும் தீக்கும் ஆட்டு வாய்க்கும் எட்டாத ஆழத்தில் உயிரைப் பதுக்கிவைக்கும் அருமையான ஏற்பாடு இது. இதற்குப் பனை கொடுக்கும் விலை காலம். பல ஆண்டுகள் தரைக்கு மேலே சில ஓலைகள் மட்டுமே தெரியும். பாளை விட 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகலாம். அதுவரை ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. இன்று நட்ட கன்று நுங்கு தரும் என்ற உறுதி நட்டவருக்கே கிடையாது. இடைப்பட்ட காலத்தில் வரப்பு மண்ணைப் பிடித்துவைத்த வேர் இல்லை. ஓலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகுகளை ஒட்டிக் கூடு கட்டி, முட்டையையும் அதே எச்சிலால் ஒட்டிவைக்கும் பனை உழவாரன் குருவிக்கும் இடமில்லை. இந்த இழப்பு வரப்போடு நிற்பதில்லை. பக்கத்து நிலத்துக்காரரையும் சேர்கிறது. அதனால்தான் மரத்தின் சொந்தக்காரர் ஒருவரே முடிவெடுக்கும் விஷயமாக இதை விட்டுவிட முடியாது.

விதி கடுமையானால் விவசாயி நடுவதையே விட்டுவிடுவார் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். கல்வராயன் மலையின் சந்தனம் அதற்குச் சாட்சி. சந்தனம் அயல் மரங்களின் வேரில் தன் வேரைப் பொருத்தி நீரும் சத்தும் உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. வேலியோரப் புதர்களில் பறவை போட்ட விதையிலிருந்து தானாக முளைக்கும். ஆனால் பட்டா நிலத்துச் சந்தனத்தின் மேலும் நீண்ட காலம் அரசே உரிமை கொண்டாடியது. மரத்தை விற்கும் உரிமை இல்லை, திருட்டுப் போனால் விசாரணை மட்டும் நிலத்துக்காரருக்கு. கன்றிலேயே பிடுங்கி எறிவதுதான் அவருக்கு நிம்மதியாக இருந்தது. 2002-ல் சட்டத்தைத் திருத்தி, மரம் வளர்ப்பவருக்கே சொந்தம் என்றாக்கிய பிறகுதான் பயிரிடும் துணிவு வந்தது. ஆக, ஆட்சேபம் பாதி உண்மை. சந்தனத்தைத் தனியார் நிலத்திலிருந்து விரட்டியது காப்பு அல்ல. காப்பின் பெயரில் உரிமையைப் பறித்ததுதான். பனைக்கு அந்தத் தவறு நேரக்கூடாது. பதநீரும் நுங்கும் ஓலையும் உடையவருக்கே வருமானம் தரவேண்டும். ஏறுவதற்குப் பனையேறி கிடைக்காத ஊரில் மரத்தை விற்பவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

எல்லா மரத்துக்கும் ஒரே காப்பு என்றால் வெட்டி ஒழிக்க வேண்டிய சீமைக்கருவேலத்தையும் காக்க நேரும். அதன் உறவான நாட்டு மரம் வன்னியின் கதை வேறு. விருத்தாசலத்தில் தலமரமாக நிற்கும் அந்த மரம்தான் ராஜஸ்தான் பாலைவனத்தின் கேஜ்ரி. 1730-ல் கேஜர்லி கிராமத்தில் அதைக் காக்க 363 பிஷ்னோய் மக்கள் உயிர்கொடுத்தார்கள். காப்பின் வடிவமும் ஒன்றே அல்ல. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் சகுவாரோ கள்ளி போன்ற பாலைத் தாவரங்களுக்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. சொந்த நிலத்தில் அவற்றை அகற்ற உரிமையாளருக்குத் தடை இல்லை. நிலப்பரப்புக்கு ஏற்ப 20 முதல் 60 நாள் முன்னதாக வேளாண் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவே. அந்த இடைவெளியில் செடியைப் பெயர்த்து வேறிடத்தில் நட முடிகிறது. வளர்ந்த பனையைப் பெயர்ப்பது பெரும்பாடு என்பதால் நமக்கு முன்னறிவிப்பு மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். ஆனால் மரத்தை நேரில் பார்ப்பவர் அனுமதி தரவேண்டும், நாள் கணக்கும் வேண்டும். மனு மேசையில் கிடந்தால் மரம் இரவோடு இரவாக லாரி ஏறும். கிராம நிர்வாக அலுவலர் அடங்கலில் பயிரோடு பனையையும் எண்ணி எழுதட்டும். எத்தனை இருந்தது என்ற கணக்கு இல்லாத ஊரில் எத்தனை போனது என்று யாரும் கேட்க முடியாது. தை பிறந்து மழை ஓய்ந்தால் சூளைகளில் வேலை சூடுபிடிக்கும். எண்ணும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.