எல்லையைக் கடக்கும் பணம்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைக் கடந்து மேற்கே செல்வோர் வேலப்பன்சாவடியைத் தாண்டியே செல்லவேண்டும். சாவடி என்னும் சொல்லுக்கு வழிப்போக்கர் தங்கும் இடம், ஊர்ப் பொதுக்காரியம் பேசும் இடம் என்றெல்லாம் பொருளுண்டு. சுங்கம் என்னும் சொல்லோடு அது சேர்ந்துவிட்டாலோ, வண்டியை நிறுத்திப் பணம் கேட்கும் இடமாகிவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பண்டங்களுக்குப் புலி முத்திரை பொறித்த அலுவலரைப் பட்டினப்பாலை நமக்குக் காட்டுகிறது. பிற்காலத்தில் முதற் குலோத்துங்கன் ‘சுங்கந்தவிர்த்த சோழன்’ என்று பெயர் பெற்றான். அப்படியொரு பெயர் நிலைத்ததென்றால், மக்கள் சுங்கத்தை எவ்வளவு பாரமாகக் கருதினர் என்பது சொல்லாமலே விளங்கும். சுங்க அதிகாரி என்றால் பிடுங்கிக்கொள்பவர் என்னும் அச்சம் இன்றும் நம்மைவிட்டு அகலவில்லை.

அவ்வச்சத்தால் கெட்டவர் ஒருவரை நான் அறிவேன். என்னிடம் படித்தவர், அமீரகத்தில் பல ஆண்டுகள் மின்பணியாளராக உழைத்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது, வீட்டின் மேல்தளம் கட்டுவதற்கென்று 30,000 திர்ஹாம் நோட்டுகளைத் துணிகளுக்கிடையே மறைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில், அந்நிய நாணயம் ஏதேனும் உண்டா என்று கேட்டபோது, இல்லை என்றார். பெட்டியைத் திறந்தார்கள். பணம் பறிமுதலாயிற்று. பல மாதம் அலைந்து, அபராதமும் தண்டமும் செலுத்தி மீட்டபின், மேல்தளத்துக்கு அது போதவில்லை. “ஐயா, சொன்னால் பாதியை வரியாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்” என்றார். சொல்லியிருந்தால் ஒரு காசும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சற்று நேரம் வாளாவிருந்தேன்.

மாணவர்களே, சட்டம் சொல்வது இதுதான். வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குள் அந்நிய நாணயம் கொண்டுவருவதற்கு உச்சவரம்பு இல்லை, எவ்வளவும் கொண்டுவரலாம். அதற்குச் சுங்கத் தீர்வையும் இல்லை. ஆனால், நோட்டுகளாக மட்டும் 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலும், நோட்டுகளும் பிரயாணிகள் காசோலைகளும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலும், நாணய அறிவிப்புப் படிவத்தை எழுதிச் சுங்க அதிகாரியிடம் கொடுத்தாகவேண்டும்.

இவ்விரு வரம்புகளையும் பலர் குழப்பிக்கொள்கின்றனர். ஆகையால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவரிடம் 4,000 டாலர் நோட்டுகளும் 5,500 டாலருக்குக் காசோலைகளும் இருக்கின்றன, மொத்தம் 9,500. அவர் அறிவிக்கவேண்டியதில்லை. மற்றொருவரிடம் காசோலையே இல்லை. நோட்டுகள் மட்டும் 5,200 டாலர். மொத்தத்தில் முன்னவரைவிடக் குறைவாக இருந்தும் இவர் அறிவிக்கவே வேண்டும். நோட்டு என்பது யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்னும் அடையாளம் இல்லாதது. அதனாலேயே அதற்குத் தனியான, குறைந்த வரம்பு. வேறு நாட்டு நாணயமாயின் டாலருக்கு மாற்றிக் கணக்கிட வேண்டும். அமீரகத் திர்ஹாமின் மதிப்பு டாலருக்கு 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், 5,000 டாலர் என்பது சுமார் 18,360 திர்ஹாம். சவூதி ரியாலில் 18,750. என் மாணவரின் பணம் வரம்பை நெடுந்தூரம் கடந்திருந்தது.

எடுத்துக்கொள்வதற்கில்லை என்றால் எதற்காகக் கேட்கிறார்கள்? இவ்விதியின் வரலாறு பற்றாக்குறையில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939இல் இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு பிறந்தது. 1947இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1973இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. டாலர் அரிதாயிருந்த காலம் அது. 1991இல் சில வார இறக்குமதிக்கு மட்டுமே போதுமான செலாவணி எஞ்சி, தேசம் தன் பொன்னை அந்நிய வங்கிகளில் ஈடு வைத்துக் கடன் பெற நேர்ந்தது. அந்நிலை மாறியபின் இயற்றப்பட்ட 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், இத்தகைய பிழைகளைச் சிறைக்குரிய குற்றமாக அல்லாமல், தண்டம் விதித்துத் தீர்க்கும் தவறாகக் கருதுகிறது. தண்டமும் சிறிதன்று, சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மும்மடங்கு வரை விதிக்கலாம்.

பற்றாக்குறை நீங்கியும் படிவம் நீங்கவில்லை. போதைப்பொருள் விற்றவரும் இலஞ்சம் வாங்கியவரும் வங்கிக்குப் போகாமல் பெட்டியில் பணத்தைக் கடத்துகின்றனர். இதனைத் தடுக்க 1989இல் அமைந்த நிதி நடவடிக்கைப் பணிக்குழு, எல்லை கடக்கும் ரொக்கத்தை அறியும் ஏற்பாடு ஒவ்வொரு நாட்டிலும் இருக்கவேண்டுமென வற்புறுத்துகிறது. இந்தியா 2010இல் அதன் உறுப்பினராயிற்று.

சிங்கப்பூரில் 20,000 சிங்கப்பூர் டாலருக்கு மேல் உள்ளே கொண்டுசென்றாலும் வெளியே கொண்டுவந்தாலும் அறிவிக்கவேண்டும். அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 10,000 யூரோ ‘அல்லது அதற்கு மேல்’ என்று இருக்கிறது. சரியாக 10,000 வைத்திருப்பவரும் அங்கே தப்ப முடியாது. சட்டம் படிக்கும்போது இலக்கத்தை மட்டும் பார்த்து, அதையடுத்துள்ள சொல்லை விட்டுவிடலாகாது.

நம் ரூபாய்க்கு விதி வேறு. நேபாளம், பூட்டான் நீங்கலாகப் பிற நாடுகளுக்குச் செல்வோர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் செல்லலாகாது, திரும்பும்போதும் அவ்வளவே. இது அறிவிப்புக்கான எல்லையன்று, தடைக்கான எல்லை. மேற்படிப்புக்குச் செல்லும் மாணவர், சில நாடுகள் நீங்கலாக, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரையே நோட்டுகளாகப் பெறலாம். எஞ்சியதை அட்டையிலோ வங்கி மூலமோ கொண்டுசெல்ல வேண்டும். அங்கீகாரம் பெற்ற முகவரிடம் நாணயம் வாங்கிய ரசீதைக் கடவுச்சீட்டுடனேயே வைத்திருப்பது நலம். வழியில் அறிமுகமானவர் தரும் பணக்கட்டைச் சுமப்பது மட்டும் எக்காலத்தும் கூடாது.

படிவம் எழுதுவது கடினமன்று. விமான நிலையமாயினும், 2023இல் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் வந்து இறங்கும் துறைமுகமாயினும், வெளியேறுமுன் சிவப்பு வழிக்குச் சென்று கேட்கவேண்டும். பச்சை வழியில் நடந்துவிட்டால், அறிவிக்க ஒன்றுமில்லை என்று வாய்திறவாமலே சொன்னதாகிவிடும். பெயர், கடவுச்சீட்டு எண், நாணயத்தின் வகை, தொகை ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால், அதிகாரி சரிபார்த்து முத்திரையிட்ட பிரதியைத் தருவார். அதனைப் பத்திரப்படுத்த வேண்டும். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டுவாழ் தமிழர், அப்பணத்தை இங்குள்ள தம் கணக்கில் செலுத்தவும், செலவழியாததைத் திரும்ப எடுத்துச் செல்லவும் அந்தத் தாளே சான்று.

பயணம் முடிந்து திரும்பும் நம்மவரிடம் மிஞ்சும் நோட்டுகளில் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் அங்கீகாரம் பெற்றவரிடம் ஒப்படைக்கவேண்டும். உலோக நாணயங்களுக்கு மட்டும் வரம்பே இல்லை. ஆதலின், சட்டைப்பையில் தங்கிவிட்ட அந்நிய நாட்டுச் சில்லறையை உங்கள் தம்பி தங்கையர்க்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.