உங்கள் வரிசை மட்டும் ஏன் நகர மாட்டேங்குது? மளிகைக் கடை நெரிசலின் கணக்கு

ஓணத்துக்கு முந்தைய வாரம். திருவனந்தபுரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். உங்கள் கையில் இரண்டே பொருள்: ஒரு பாக்கெட் பால், ஒரு கிலோ வெல்லம். முன்னால் நிற்பவர் தள்ளுவண்டியை வரிசையில் விட்டுவிட்டு "இதோ வந்துடறேன்" என்று பருப்பு எடுக்கப் போய்விட்டார். பக்கத்து வரிசை சரசரவென்று நகர்கிறது. பின்னாலிருந்து ஒருவரின் வண்டி உங்கள் குதிகாலில் இடிக்கிறது. "ஒரே ஒரு பொருள்தான்" என்று ஒரு குரல் உங்களைத் தாண்டி முன்னே போகிறது.

மனுஷங்களுக்கு நாகரிகமே இல்லை என்று அந்த நிமிஷத்தில் தோன்றும். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி கணக்கு.

ஓணத்தில் ஏன் இவ்வளவு கூட்டம்?

கேரள அரசின் சிவில் சப்ளைஸ் கார்ப்பரேஷன், அதாவது சப்ளைகோ, 1974இல் தொடங்கப்பட்டது. அதன் மாவேலி ஸ்டோர்களில் அரிசி, பருப்பு, சர்க்கரை, மிளகாய், தேங்காய் எண்ணெய் உள்ளிட்ட 13 பொருட்கள் மானிய விலையில் கிடைக்கும். பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்த அந்த விலையை, 2024 பிப்ரவரியில் அரசு சந்தை விலையோடு இணைத்தது. சந்தை விலையைவிட 35 சதவீதம் குறைவு என்பது அப்போது வைத்த கணக்கு.

வெளிச்சந்தையில் விலை ஏற ஏற, இந்தக் கடைகளின் வரிசையும் நீளும். 2025 ஓணத்துக்கு முன் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. ஒரு குடும்பத்துக்கு ஒரு லிட்டரில் மிச்சமாகும் தொகை, ஒரு மணி நேரம் நிற்பதற்குக் காரணமாகிவிடுகிறது. ஆக, அந்த வரிசையில் நிற்கும் பலர் பொழுதுபோகாமல் வந்தவர்கள் இல்லை. நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்துகிறவர்கள்.

சரி, ஏன் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம்?

நம் ஊர் அண்ணாச்சி கடையை நினைத்துப் பாருங்கள். நீங்கள் பட்டியலைச் சொல்வீர்கள், அண்ணாச்சி எடுத்துத் தருவார். தாமதமானால் கோபம் அவர் மேல்தான். "என்ன அண்ணாச்சி, நான் எவ்ளோ நேரமா நிக்கிறேன்" என்று கேட்டுவிடலாம். யார் முதலில் வந்தார் என்பதும் அவர் நினைவில் இருக்கும்.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' கடையைத் திறந்தார். வாடிக்கையாளரே அலமாரியில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டின் தொடக்கம் அது. 1937இல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மேன் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். கடைக்காரர் செய்த வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நாம் செய்ய ஆரம்பித்தோம். தேடுவது, எடுப்பது, எடை போட நிற்பது, சுமப்பது எல்லாம் நம் பொறுப்பு. நடைபாதையைப் பகிர்ந்துகொள்வதும் நம் பொறுப்புதான். ஆனால் அதை ஒழுங்குபடுத்த நடுவில் ஆள் கிடையாது. அதனால் கடைக்காரர் மேல் வந்திருக்க வேண்டிய எரிச்சல், பக்கத்தில் வண்டி தள்ளுகிறவர் மேல் போகிறது.

நம்ம வரிசை மட்டும் ஏன் மெதுவா போகுது?

இதற்கு ராசி காரணமில்லை. மூன்று கவுண்டர்கள், மூன்றிலும் ஒரே அளவு கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வரிசையே முதலில் முடிய வாய்ப்பு மூன்றில் ஒன்று. அதாவது மூன்றில் இரண்டு தடவை, வேறொரு வரிசை உங்களை முந்தும். முந்திய நாட்கள் மனதில் தங்கும், நாம் முந்திய நாட்கள் மறந்துபோகும்.

மூன்று பேர் சேர்ந்தால் 45 நிமிஷம்

இதுதான் முக்கியமான கணக்கு. தொலைபேசி அழைப்புகள் காத்திருக்கும் நேரத்தை அளக்க டென்மார்க்கின் ஏ.கே. எர்லாங் 1909இல் எழுதிய ஆய்வில் இருந்து வளர்ந்தது வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய சூத்திரத்தை ஒரு மளிகைக் கவுண்டருக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரே ஒரு கவுண்டர். ஒருவருக்கு பில் போட சராசரியாக 3 நிமிஷம். அப்படியென்றால் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 20 பேர். ஆட்கள் சீரான இடைவெளியில் வருவதில்லை, எல்லோருடைய பில்லும் ஒரே நீளம் இல்லை. இந்த ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தால், நீண்ட கால சராசரிக் காத்திருப்பு இப்படி வரும்:

மணிக்கு 16 பேர் வந்தால்: 12 நிமிஷம்.
மணிக்கு 18 பேர் வந்தால்: 27 நிமிஷம்.
மணிக்கு 19 பேர் வந்தால்: 57 நிமிஷம்.

மூன்றே பேர் கூடியதற்கு 45 நிமிஷம் அதிகம். கவுண்டர் நிரம்பும் நிலைக்கு நெருங்க நெருங்க, வரிசை மெல்ல நீளாது, திடீரென்று வெடிக்கும். நேற்று சாதாரணமாக இருந்த கடை இன்று நரகமாகத் தெரிவதற்கு, ஊரில் மரியாதை குறைந்திருக்க வேண்டியதில்லை.

இப்போது ஆட்களின் எண்ணிக்கையை மாற்ற வேண்டாம். அதே 16 பேர். ஆனால் ஒவ்வொருவரும் கூடுதலாக அரை நிமிஷம் எடுத்துக்கொள்கிறார்கள். பில் தொகை சொன்ன பிறகுதான் பையில் போனைத் தேடுகிறார்கள், அப்புறம் யுபிஐ ஆப்பைத் திறக்கிறார்கள், நெட் வரவில்லை என்று வாசலுக்குப் போகிறார்கள். 3 நிமிஷம் மூன்றரை ஆனால் சராசரிக் காத்திருப்பு 12இல் இருந்து 49 நிமிஷமாகிறது. "அரை நிமிஷம்தானே" என்பது, கூட்ட நேரத்தில் அரை நிமிஷம் இல்லை.

இதே சிக்கல் இயந்திரத்தாலும் வரும். 2024 மார்ச்சில் கேரள ரேஷன் கடைகளில் கார்டுதாரர்களின் அடையாளச் சரிபார்ப்பு சர்வர் கோளாறால் திணறி, தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. ஒவ்வொரு கைரேகையும் தாமதமானால், வாசலில் வரிசை தெருவரை போகும்.

முறை தவறிப் புகுந்தால் யார் கேட்பது?

கணக்கு எல்லாவற்றையும் மன்னித்துவிடாது. 12 பேர் நிற்கும் வரிசையின் முன்னால் ஒருவர் 3 நிமிஷ பில்லோடு புகுந்தால், ஒவ்வொருவருக்கும் 3 நிமிஷம். மொத்தம் 36 நிமிஷம், 12 பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கப்படுகிறது. கொஞ்சமாக எடுப்பதால்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

சமூக உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமும் அவர் குழுவும் நியூயார்க்கில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆட்களைப் புகவிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 1986இல் வெளியானது. ஒருவர் புகுந்தபோது ஏறக்குறைய பாதி வரிசைகளில்தான் எதிர்ப்பு வந்தது. இருவர் சேர்ந்து புகுந்தபோது பத்தில் ஒன்பது வரிசைகளில் வந்தது. புகுந்தவருக்கு உடனே பின்னால் நிற்பவர்கள் பேசாமல் இருந்தால், மற்றவர்களின் எதிர்ப்பும் பெரிதும் குறைந்தது. அதாவது கேட்க வேண்டியவர் அவர்தான் என்று வரிசை முழுக்க நினைக்கிறது.

அந்த இடத்தில் நீங்கள் நின்றால் சண்டை வேண்டாம். "வரிசை அந்தக் கடைசியில இருக்கு அண்ணா" என்பதே போதும். பலருக்கு வரிசை எங்கே முடிகிறது என்பது நிஜமாகவே தெரிந்திருக்காது.

பதற்றமும் ஒரு காரணம்

2020 ஏப்ரல் 26 முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது நினைவிருக்கும். 25ஆம் தேதி கடைகளில் அலைமோதிய கூட்டமும் நினைவிருக்கும். மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தை தொற்றின் மையமாகி, மூடப்பட்டது. அன்று கடைக்கு ஓடியவர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டால், ஒவ்வொருவரும் யோசித்துச் செய்வதே மொத்தத்தில் ஆபத்தாக முடியும்.

இதற்கு மாற்றும் நமக்குத் தெரியும். பொங்கல் பரிசுத் தொகுப்புக்கு ரேஷன் கடைகள் நாள், நேரம் குறித்த டோக்கனை முன்கூட்டியே கொடுக்கின்றன. வருகையைப் பிரித்துவிட்டாலே வரிசையின் சுமை இறங்கும்.

என்ன செய்யலாம்?

கடைகள் செய்ய வேண்டியது: மூன்று கவுண்டருக்கு மூன்று வரிசை வைக்காமல், ஒரே வரிசை வைத்து, காலியாகும் கவுண்டருக்கு அனுப்பலாம். ஒரு பெரிய பில் மாட்டினாலும் ஒரு கவுண்டர்தான் நிற்கும். யாரும் யாரையும் முந்த முடியாது. குறைந்த பொருட்களுக்குத் தனி கவுண்டர். அடுத்த கவுண்டரை, வரிசை வெடித்த பிறகு இல்லாமல், அதற்கு முன்பே திறப்பது.

நாம் செய்யக்கூடியது: பில் போடும்போதே பணத்தையோ ஆப்பையோ தயாராக வைப்பது. வண்டியை நடைபாதையின் ஓரமாக நிறுத்துவது. வரிசைக்கு வந்த பிறகு பொருள் தேடப் போவதென்றால், பின்னால் இருப்பவரை முன்னே விடுவது. வேலை நேரம் வளைந்துகொடுக்கும் உங்களைப் போன்றவர்கள், சனி மாலைக்குப் பதில் வார நாளில் போவது. மேலே சொன்ன கணக்குப்படி, நிரம்பிய கவுண்டரில் மணிக்கு ஒருவர் குறைந்தால்கூட மற்றவர்களுக்குப் பல நிமிஷம் மிச்சம்.

வார இறுதியில் நீங்கள் பொன்முடிக்குப் போயிருக்கலாம். 22 கொண்டை ஊசி வளைவுகள், பனி, தேயிலை. அங்கே பெரிய கடைவீதி கிடையாது. மேலே வசிக்கும் ஒரு தோட்டத் தொழிலாளர், மாதச் சாமானுக்கு விதுராவுக்கு இறங்கி வர வேண்டும். திரும்பிப் போகப் பேருந்து பிடிக்க வேண்டும். மலைக்குப் போகும் வழியில் நீங்கள் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் வாங்க நிற்கும் வரிசையில், உங்களுக்கு முன்னால் பெரிய பையோடு நிற்பவர் அவராக இருக்கலாம். அவருக்குப் பின்னால் நீங்கள் காத்திருந்தால் போவது பத்து நிமிஷம். அவரைத் தாண்டி நீங்கள் முன்னால் போனால், அவருக்குப் போவது ஒரு பேருந்து.