கோலசிலாங்கூர் கடலோரக் கிராமங்களுக்கு ஒரு நாள் பயணம்: முன்பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், புலனக் குழுக்களில் ஒரே மாதிரியான விளம்பரங்கள் வலம் வரத் தொடங்கிவிடும். வானக் கண்ணாடி, மின்மினிப்பூச்சி, நெல்வயல், கடல் உணவு எல்லாம் ஒரே நாளில். வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவோம் என்பார்கள். கிள்ளான், ஷா ஆலம், ரவாங் வட்டாரத்தில் உள்ள குடும்பங்கள் அண்ணன், தம்பி, மாமா, அத்தை எனச் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு வேனைப் பிடித்துக்கொண்டு கிளம்புவது இப்போது வழக்கமாகிவிட்டது.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கடலைச் சரியாகப் பார்க்காமலேயே பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்ட அப்பா அம்மாவுக்கு இது நல்ல பயணம். தலைநகரிலிருந்து கோலசிலாங்கூர் ஏறக்குறைய 65 கிலோமீட்டர்தான். ஆனால் இந்தப் பயணம் கைகூடுவதும் கசந்து போவதும் விளம்பரத்தில் இருக்கும் விலையால் முடிவாவதில்லை. போகும் நாள் எது, அழைத்துப் போகிறவர் யார் என்ற இரண்டுதான் அதை முடிவு செய்கின்றன.

முதலில் பார்க்க வேண்டியது நாள்காட்டி

‘வானக் கண்ணாடி’ என்று அழைக்கப்படும் இடம் கடற்கரையில் இல்லை. சாசாரான் மீனவக் கிராமத்துக்கு அப்பால், மலாக்கா நீரிணைக்குள் இருக்கும் ஒரு மணல்திட்டு அது. படகில் அரை மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். மற்ற நாள்களில் திட்டு கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும். நீர் நன்றாக வற்றும் நாள்களில் மட்டும் சில மணி நேரம் வெளியே தெரியும். அப்போது மணல்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்க, அதில் வானமும் ஆள்களும் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறார்கள்.

நீர் அந்த அளவுக்கு வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில்தான். சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது கடலை இழுக்கும் விசை கூடுகிறது. அதனால் ஏற்றமும் பெரிதாகிறது, வற்றமும் பெரிதாகிறது. ஆகவே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே இந்தப் பயணத்துக்கு முதல் வழிகாட்டி. அஷ்டமி, நவமியை ஒட்டி ‘வானக் கண்ணாடி உறுதி’ என்று யாராவது தேதி கொடுத்தால் சற்று யோசிக்க வேண்டும்.

கடல் வற்றும் நேரமும் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றுப் போய் வந்தவர் சொன்ன நேரம் இன்றைக்குப் பொருந்தாது. படகு எத்தனை மணிக்குப் புறப்படும் என்பதை அந்த நாளுக்கென்றே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். சாசாரான், கோலசிலாங்கூர் ஆகிய இரண்டு இடங்களிலிருந்தும் படகுகள் போகின்றன. எந்த ஜெட்டி என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

மின்மினிக்கு இருட்டு வேண்டும்

இதே பயணத்தின் இரவுப் பகுதி சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள கம்போங் குவாந்தான். அங்கே பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் கூடுகின்றன. ஆண் பூச்சிகள் தாளம் போட்டதுபோல் ஒன்றாக மின்னி மின்னி அணையும். துடுப்புப் போட்டுச் செல்லும் சம்பானில் சத்தமில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

இங்கேதான் ஒரு சிக்கல். வானக் கண்ணாடிக்குப் பௌர்ணமியும் பொருந்தும். ஆனால் பௌர்ணமி இரவில் நிலா வெளிச்சம் மின்மினியின் ஒளியை மங்கச் செய்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்பினால் அமாவாசைப் பக்கம்தான் ஏற்றது.

அமாவாசையன்றே கிளம்பலாமா? முன்னோருக்குப் படைத்து, அன்று சைவமாக இருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். கடலோரம் வரை போய்விட்டு மீனையும் நண்டையும் தொடாமல் திரும்புவது பலருக்கு மனக்குறையாக இருக்கும். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள் போனால் இந்தச் சங்கடம் இல்லை. பெரிய வற்றம் அமாவாசைக்குப் பிறகும் ஓரிரு நாள் நீடிக்கும். அன்றைய மெல்லிய பிறையும் சீக்கிரமே மறைந்துவிடும். பகலில் வானக் கண்ணாடி, மதியம் கடல் உணவு, இரவில் மின்மினி என மூன்றும் அன்று கிடைக்கும். புரட்டாசி விரதம் இருப்போர் அந்த மாதத்தைத் தவிர்த்துவிட்டுத் தேதி பார்ப்பதே நல்லது.

நெல்வயலுக்கும் பருவம் உண்டு

கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங்கைத் தாண்டி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் போனால் செகிஞ்சான். ஒரு பக்கம் மீன்பிடிப் படகுகள் நிற்கும் வாய்க்கால், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். ரெடாங் கடற்கரையில் சிவப்பு நாடாக்கள் தொங்கும் வேண்டுதல் மரமும் பலர் பார்க்க விரும்பும் இடம்.

இங்கே ஆண்டுக்கு 2 போகம் விளைகிறது. பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வயல் பச்சையாக இருக்கும். ஜூன், டிசம்பர் மாதங்களை ஒட்டிக் கதிர் பழுத்துப் பொன்னிறமாகும். வாய்க்காலில் நீர் திறந்துவிடுவதைப் பொறுத்து இது ஓரிரு வாரம் முன்பின் ஆகலாம். அறுவடை முடிந்த வயலில் வெறும் தாளும் சேறும்தான் இருக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் பச்சை வயல் படம் எந்த மாதம் எடுத்தது என்று யாருக்குத் தெரியும்? கிளம்புவதற்கு முன் அந்த வாரத்துப் படம் ஒன்றை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

வழிகாட்டி எதற்கு?

சொந்தக் காரிலேயே போய்விடலாமே என்று சிலர் கேட்பார்கள். போகலாம். ஆனால் நல்ல வழிகாட்டி இருந்தால் வழியில் கடந்து போகும் பல இடங்களின் கதை புரியும்.

உதாரணத்துக்கு, இந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917ஆம் ஆண்டு நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான். பிரெஞ்சுக்காரரான ஹென்றி பொக்கோனியே தொடங்கிய அந்தத் தோட்டத்துக்குத் தமிழ்ப் பெயர் நிலைத்ததே, அங்கு வேலை செய்தவர்கள் யார் என்பதைச் சொல்லிவிடும். வேனில் போகும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

புக்கிட் மெலாவத்தி குன்றிலும் இப்படித்தான். அங்கிருந்த சுல்தான் இப்ராஹிமின் கோட்டையை 1784இல் டச்சுக்காரர்கள் கைப்பற்றி, தங்கள் தலைமை ஆளுநரின் பெயரால் ‘அல்திங்ஸ்பர்க்’ என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே சுல்தான் அதை மீட்டுக்கொண்டார். இன்று குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கம் 1907இல் கட்டப்பட்டது. ரமலான் பிறை பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று. இங்குள்ள சாம்பல் நிறக் குரங்குகள் சாதுவானவை. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். நீண்ட வால் குரங்குகள் அப்படியல்ல; கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடும். எது எந்த வகை என்று தெரிந்தவர் கூட இருந்தால் சிறுவர்களுக்குப் பாதுகாப்பு.

உரிமம் பார்ப்பது அவமரியாதை அல்ல

தெரிந்தவர், ஊர்க்காரர், கோயில் பழக்கம் என்பதால் பலர் உரிமம் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை.

1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி, கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலா நடத்தும் நிறுவனத்துக்கும் சுற்றுலா வழிகாட்டிக்கும் சுற்றுலா அமைச்சின் உரிமம் வேண்டும். நிறுவனத்தின் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். வழிகாட்டியிடம் அடையாள அட்டை இருக்கும். நீலச் சின்னம் பொது வழிகாட்டிக்கு உரியது. பச்சைச் சின்னம் குறிப்பிட்ட இயற்கைத் தலத்துக்கான வழிகாட்டிக்கு உரியது.

வண்டியின் நிலை இதைவிட முக்கியம். சுற்றுலா வேனுக்குத் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட் வழங்கும் அனுமதி வேண்டும். அது வாகனப் பரிசோதனைக்கும் முறையாகப் போய் வர வேண்டும். ஓட்டுநரிடம் பயணிகளை ஏற்றுவதற்கான பி.எஸ்.வி. உரிமம் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுவதைத்தான் ‘கெரெத்தா சாப்பு’ என்கிறோம். தனியார் வண்டிக்கு எடுக்கும் காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பயணத்துக்குப் பொதுவாகப் பொருந்தாது. விபத்து ஒன்று நடந்துவிட்டால் ஆளுக்கு இருபது, முப்பது ரிங்கிட் மிச்சம் பிடித்த குடும்பம் மருத்துவச் செலவுக்கும் இழப்பீட்டுக்கும் அலைய நேரிடும்.

ஒரே ஓட்டுநர், 17 மணி நேரம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்ப்பதாக இருந்தால் காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 11 மணி அளவில்தான் வீடு திரும்ப முடியும். வண்டி ஓட்டுகிறவரும் காலையிலிருந்து விழித்திருப்பவர்தான். பிற்பகலில் அவருக்கு ஓய்வு உண்டா, மாற்று ஓட்டுநர் வருகிறாரா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் பட்டியலில் ஓர் இடத்தைக் குறைத்துவிடுவதே அறிவுடைமை. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் வரும் குழுவுக்கு மூன்று இடங்கள் போதும்.

போகும் வரிசையையும் யோசித்து அமைக்க வேண்டும். புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்குப் போக நினைப்போர் அதைக் காலையில் முதலில் வைத்துக்கொள்ளலாம். கோயில் நடை சாத்துவதற்கு முன்பே தரிசனம் முடியும். மதியம் அசைவம் சாப்பிடுவதற்கும் தடை இருக்காது. பிறகு சாசாரான். மதிய உணவுக்குப் பாசீர் பெனாம்பாங் அல்லது ஜெராம். வெயில் தாழ்ந்த பிறகு புக்கிட் மெலாவத்தி அல்லது செகிஞ்சான், இரண்டில் ஒன்று. இருட்டியதும் கம்போங் குவாந்தான்.

முதியவர்களுக்கு

மணல்திட்டில் நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, உட்காரவும் இடமில்லை. படகிலிருந்து ஏணியில் இறங்கிக் கணுக்கால் அளவு நீரில் நடக்க வேண்டும். போய்த் திரும்ப ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். முழங்கால் வலி, சர்க்கரை நோய், சிறுநீர்த் தொல்லை உள்ளவர்களை ‘ஒண்ணும் ஆகாது, வாங்க’ என்று வற்புறுத்தக் கூடாது. அவர்களைக் கரையில் உணவகத்தில் உட்கார வைத்துவிட்டு, மாலையில் குன்றுக்கும் இரவில் மின்மினிக்கும் அழைத்துப் போகலாம்.

படகில் ஏறும்போது ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு மேலங்கி கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவு உதவாது. மின்மினிப் படகில் கைப்பேசி விளக்கும் படமெடுக்கும் ஒளியும் கூடாது. கொசு மருந்தைப் படகிலேயே தெளிப்பதும் தவறு. மின்மினியின் புழுக்கள் ஆற்றங்கரை ஈர மண்ணில் சின்னஞ்சிறு நத்தைகளைத் தின்று வளர்கின்றன. கரைக் காடு அழிந்தால் மரம் மட்டும் நின்று பயனில்லை. துடுப்புப் போட்டுப் பிழைக்கும் கிராமத்தாரின் வருமானமும் அதோடு போய்விடும்.

பணத்தை எழுத்தில் பேச வேண்டும்

வேன் வாடகை வண்டிக்கு ஒரு விலை. படகுக் கட்டணம் ஆளுக்கு ஒரு விலை. இரண்டையும் கலந்து சொன்னால் கணக்குப் புரியாது. பிரித்துக் கேட்க வேண்டும். எண்ணெய், டோல், வழிகாட்டியின் சம்பளம், சாப்பாடு எல்லாம் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் தனி வேனின் செலவு ஆளுக்குக் கணிசமாகக் குறையும்.

மழையிலும் காற்றிலும் படகு போகாது. அன்று பணம் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி தருவார்களா என்பதைப் புலனத்தில் எழுத்தாகவே வாங்கி வைக்க வேண்டும். மாற்றுத் தேதி என்றால் அது அடுத்த வாரமாக இருக்க முடியாது, அடுத்த அமாவாசை அல்லது பௌர்ணமிதான் என்பதையும் மறக்கக் கூடாது. முன்பணத்தைத் தனிநபர் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் கணக்கில் போட்டு ரசீது வாங்குவது நல்லது.

சொன்னபடி நடக்காமல் பணத்தையும் திருப்பித் தராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அங்கே கேட்கப்படுவது ரசீதும் எழுத்தில் பேசிய பேச்சும்தான். அதனால் பயணம் முடிந்து பிரச்சினை ஏதுமில்லை என்று தெரியும் வரை அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.