மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் எழுத்துத் தேர்வு முடிவை வெளியிட்டால் போதும், புதுக்கோட்டை மாவட்டத்து மைதானங்களில் கூட்டம் சேர்ந்துவிடும். ஆலங்குடி, அறந்தாங்கி, கந்தர்வகோட்டை, திருமயம் என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளி மைதானத்திலோ கண்மாய்க் கரையிலோ விடியுமுன்பே யாராவது ஓடிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். ராணுவத்துக்குப் போகிறவர்கள் 1.6 கிலோமீட்டரை இன்னும் வேகமாகக் கடந்தாக வேண்டும். இந்த ஊர்களில் 'கிரவுண்டுக்குப் போறேன்' என்று ஒரு பையன் சொன்னால் பெரும்பாலும் இதுதான் விஷயம்.

ஓட்டத்துக்குப் பேர்போன மண் இது. கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனையின் பேரால் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்த அநியாயத்தைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இதே மாவட்டத்துச் சூர்யா 2016 தெற்காசியப் போட்டியில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். மறு ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஆண்கள் பிரிவில் அதே இரண்டு தங்கங்களையும் லட்சுமணன் தட்டி வந்தார். இவர்களெல்லாம் பல ஆண்டுகள் ஓடி வளர்ந்தவர்கள். காவலர் தேர்வுக்கு ஓடும் பையனுக்கோ கையில் இருப்பது சில வாரம், மிஞ்சினால் ஓரிரு மாதம். வில்லங்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது வாரம் வாக்கில் மைதானத்தில் ஒரே மாதிரியான பேச்சு காதில் விழும். "அண்ணே, இப்பல்லாம் மூச்சே வாங்கல. ஆனா முட்டிக்குக் கீழ, முன் எலும்புல வலி உயிர் போகுது." அனுபவசாலி அண்ணனிடம் பதில் தயாராக இருக்கும்: "ஓட ஓடச் சரியாயிடும்டா தம்பி. நல்லெண்ணெய் போட்டு உருவி விடு."

எண்ணெயால் கெடுதல் ஒன்றுமில்லை. 'ஓட ஓடச் சரியாகும்' என்பதுதான் ஆபத்து. மூச்சு நன்றாக இருக்கும்போதே கால் வலிப்பதற்குக் காரணம், உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பது.

மிக வேகமாகப் பழகுவது இரத்தம். ஓடத் தொடங்கிய முதல் சில நாட்களிலேயே அதன் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடத் தொடங்குகிறது. நம் ஊர் வெயிலும் அதற்கு ஒத்தாசை செய்கிறது, ஏனெனில் வெக்கையில் பழகும் உடலும் பிளாஸ்மாவைக் கூட்டிக்கொள்ளும். இரத்தத்தின் அளவு கூடினால் இதயம் ஒரே துடிப்பில் அதிகம் அனுப்பும். அதனால் முதல் நாள் இரண்டாவது ரவுண்டிலேயே நாக்குத் தள்ளியவன் இரண்டு வாரத்தில் நாலு ரவுண்டை அலட்டாமல் முடிக்கிறான். தனக்கு ஓட்டம் வந்துவிட்டது என்று நம்புகிறான். இரத்தத்துக்கும் இதயத்துக்கும் வந்துவிட்டது, உண்மைதான். எலும்புக்கு இன்னும் செய்தியே சரியாகப் போய்ச் சேரவில்லை.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் நம் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 160 அடி. இந்தப் புதுச் சுமையை எலும்பு உணர்ந்ததும் தன்னை வலுப்படுத்திக்கொள்ள முனைகிறது. ஆனால் அது வேலையைத் தொடங்கும் முறை விசித்திரமானது. பழைய வீட்டை எடுத்துக் கட்டுகிறவர் முதலில் சுவரை இடிப்பதுபோல, எலும்பை அரிக்கும் செல்கள் முதலில் வந்து நுண்ணிய குழிகளைத் தோண்டுகின்றன. அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். பிறகுதான் கட்டும் செல்கள் வந்து அந்தக் குழிகளை நிரப்பத் தொடங்கும். அவை வைக்கும் புது எலும்பு சுண்ணாம்பேறி உறுதிப்பட மூன்று மாதத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே, ஓடத் தொடங்கி மூன்று நான்கு வாரமான கால் எலும்பு, முன்பு இருந்ததைவிடச் சற்றுப் பலவீனமாகக்கூட இருக்கலாம். மூச்சு நன்றாகிவிட்ட தைரியத்தில் அவன் தூரத்தைக் கூட்டுவதும் அதே வாரத்தில்தான்.

மருத்துவ உலகம் இதை முதலில் அறிந்ததும் படைவீரர்களிடம்தான். 1855இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் காரணமில்லாமல் வீங்கி வலிப்பதைக் குறித்துவைத்தார். எலும்பில் கீறல் விழுந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை, பார்க்கவும் வழியில்லை. 1895இல் எக்ஸ்ரே வந்தது. இரண்டே ஆண்டில் ஸ்டெக்கோ என்பவர் அதே நோயுள்ள பாதங்களைப் படமெடுத்து, உள்ளே மயிரிழை முறிவு இருப்பதைக் காட்டினார். அடிபடாமல், விழாமல், வெறும் நடையாலேயே முறிந்த எலும்பு!

எலும்புக்கு இன்னொரு குணமும் உண்டு. எலிகளை வைத்துச் செய்த சோதனைகளில், சில பத்து அதிர்வுகளுக்குப் பிறகு எலும்பு மேற்கொண்டு வரும் சுமையை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை. சில மணி நேரம் ஓய்வு கிடைத்தால் மறுபடி உணரத் தொடங்குகிறது. ஒரே மூச்சில் பத்து ரவுண்டு ஓடுவதைவிட, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சம் என்று பிரிப்பது எலும்பை வளர்க்க நல்லது என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

எலும்பாவது மூன்று நான்கு மாதத்தில் மாறிவிடும். அதைவிடப் பிடிவாதக்காரர் ஒருவர் இருக்கிறார்: கெண்டைச்சதையைக் குதிகாலோடு பிணைக்கும் தடித்த நாண். ஓட்டம் என்பதே பாதிக்குமேல் வில்விசைதான். ஓடும் கால் ஒவ்வோர் அடியிலும் தரையில் இழக்கும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தைக் குதிகால் நாணும், 17 சதவீதத்தைப் பாதவளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன என்று 1987இல் மக்நீல் அலெக்சாண்டரும் கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள்.

அந்த நாணுக்கு வயது என்ன? விடை வந்த வழி அணுகுண்டு வழி. 1955 முதல் 1963 வரை திறந்தவெளியில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. அது பயிரில் ஏறி, சோற்றில் கலந்து, அக்காலத்து மனிதர்களின் உடம்பில் சேர்ந்தது. எந்தத் திசு எந்த ஆண்டு உருவானது என்பதை இந்தச் சுவட்டை வைத்தே சொல்லிவிடலாம். 2013இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் நாணின் நடுப்பகுதியை இப்படிச் சோதித்தார்கள். அருகிலுள்ள தசை அவ்வப்போது புதுப்பிக்கப்பட்டிருந்தது. நாணின் மையமோ ஏறக்குறைய 17 வயதுக்குள் கட்டிமுடிக்கப்பட்டு, பிறகு அப்படியே நின்றுவிட்டிருந்தது. தேர்வுக்கு ஓடும் 24 வயதுக்காரன் பள்ளிக்கூட நாளில் செய்த நாணை வைத்துத்தான் ஓடுகிறான். ஊரில் ஓடிப்பிடித்து விளையாடியதற்கும் கபடிக்கும் இருந்த மதிப்பு இப்போதுதான் தெரிகிறது.

அதற்காக நாண் நோவுக்கு வழியே இல்லை என்றில்லை. ஹோகன் ஆல்ஃபிரெட்சன் ஸ்வீடனின் எலும்பு மருத்துவர், ஓட்டக்காரரும்கூட. குதிகால் நாண் வலியோடு அறுவை செய்துகொள்ளப் போனார். மேலதிகாரி மறுத்துவிட்டார். வலியை வேண்டுமென்றே கூட்டிவிட்டால் சம்மதிப்பார்கள் என்று, படி விளிம்பில் நின்று குதிகாலைச் சுமையோடு மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியைத் தினமும் வலிக்க வலிக்கச் செய்தார். வலி போய்விட்டது! 1998இல் அவர் வெளியிட்ட அந்த முறை, நாளுக்கு 180 தடவை, 12 வாரம், இன்றும் மருத்துவமனைகளில் கற்றுத்தரப்படுகிறது.

ஷூ பேச்சு இல்லாத மைதானம் இல்லை. இரண்டாயிரம் ரூபாயில் வாங்கலாமா, ஐயாயிரமா, தட்டைப்பாதத்துக்குத் தனி ஷூவா? அமெரிக்கப் படைகளில் ஆயிரக்கணக்கான புதுவீரர்களுக்குப் பாதவளைவைப் பார்த்து ஷூ கொடுத்தும் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள். காயங்கள் குறையவில்லை. போட்டதும் காலுக்குச் சுகமாக இருப்பதை வாங்கினால் போதும் என்பதே என் கட்சி. தார்ச்சாலையா செம்மண்ணா என்ற சண்டையிலும் பாதி வீண்: தரையின் இறுக்கத்துக்கு ஏற்ப ஓடும் கால் தன் விறைப்பைத் தானே மாற்றிக்கொள்கிறது.

கணக்குப் பார்க்க வேண்டியது தூரத்தை. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்பது பழைய விதி. 2008இல் நெதர்லாந்தில் புதிதாக ஓடுபவர்களிடம் அதைச் சோதித்தபோது, மெதுவாகக் கூட்டியவர்களுக்கும் வேகமாகக் கூட்டியவர்களுக்கும் காயம் ஒரே அளவில்தான் வந்தது. 2025இல் 5,200 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது. கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஓடியவர்களுக்குத்தான் காயம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் கட்டி ஓடும் அந்த ஒற்றை ஓட்டம்தான் குற்றவாளி.

பெண்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. எடை குறைய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைத்து ஓடும்போது மாதவிடாய் தள்ளிப்போனால் அதைச் சௌகரியம் என்று விட்டுவிடக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த எலும்பு தேய்கிறது; கீறலும் எளிதில் விழும். ஓட்டத்துக்கு ஏற்ற சோறு வயிற்றுக்குப் போக வேண்டும்.

வந்துவிட்ட வலியை எப்படிப் பிரித்தறிவது? முன்னெலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவிய வலி, கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் குறைந்தால், பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவில் படுத்த பிறகும் விண்ணென்று தெறித்தால் எலும்பில் கீறலாக இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல்: முதல் இரண்டு மூன்று வாரம் இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. 'படம் நார்மல்' என்று மறுநாளே மைதானத்துக்குப் போகிறவர்கள்தான் கீறலை முழு முறிவாக்கிக்கொள்கிறார்கள். எம்ஆர்ஐ அதை முன்னதாகவே காட்டிவிடும்.

ஓட்டத்தை நிறுத்தினால் சேர்த்த மூச்செல்லாம் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. பிளாஸ்மா வந்த வேகத்திலேயே வடியவும் செய்யும். ஆனால் அதைக் காப்பாற்றக் கால் தரையில் மோதித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வலிக்காத வரை சைக்கிள் மிதிக்கலாம், தண்ணீர் உள்ள கண்மாயில் நீந்தலாம். நடக்கும்போது வலி இல்லை, விரலால் அழுத்தினாலும் இல்லை, ஒற்றைக் காலில் குதித்தாலும் இல்லை என்றான பிறகு, ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். அண்ணன் சொன்ன நல்லெண்ணெயை அப்போதும் தேய்த்துக்கொள்ளலாம்.