மறதிநோயும் அரசின் பணமும்: யப்பானிய அநுபவம் பற்றிச் சில குறிப்புகள்

நோய்க்கு இடப்படும் பெயர் மருத்துவத்துக்கு மட்டும் உரிய விடயமன்று. ஈழத்துப் பேச்சுவழக்கில் 'அறளை பெயர்தல்' என்பது முதுமையில் நினைவும் நிதானமும் தளர்வதைச் சுட்டுவது. அதுவே ஏச்சாகவும் வழங்குவதை நாம் அறிவோம். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்கு யப்பானிய மொழியில் நெடுங்காலம் வழங்கிய 'சிஹோ' என்ற சொல்லும் இத்தகையதே. மடமை, மந்தம் எனப் பொருள்தரும் இரு எழுத்துக்களால் ஆனது அது. 2004 டிசெம்பரில், சுகாதார அமைச்சு நியமித்த குழுவொன்றின் பரிந்துரைப்படி அச்சொல் அரச வழக்கிலிருந்து நீக்கப்பட்டு, அறிதல் தொடர்பான நோய்க்குறி எனப் பொருள்படும் 'நின்சிஷோ' அதனிடத்தைப் பெற்றது. மறு ஆண்டில், இந்நோய் பற்றிய அறிவை மக்களிடையே பரப்பும் இயக்கம் அரச ஆதரவுடன் தொடங்கிற்று. விழிப்புணர்வுக்கெனப் பொதுப்பணம் செலவிடப்படும்போது எது சாதிக்கப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்பதை ஆராய்வதற்கு யப்பான் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

ஆயின், விழிப்புணர்வு அங்கு அரசிடமிருந்து பிறந்ததன்று. 1972 இல் சாவகோ அரியோஷி என்ற பெண் எழுத்தாளரின் 'கோகோட்சு நோ ஹிதோ' நாவல் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில் வேலைபார்க்கும் அகிகோ, முன்னர் தன்னை இழிவாக நடத்திய மாமனாரை மறதிநோய் பீடித்தபின் பராமரிக்க நேர்கிறது. கிழவருக்குப் பெற்ற மகனை அடையாளம் தெரிவதில்லை; மருமகளைத் தெரிகிறது. கணவனோ தன் முதுமையை எண்ணி அஞ்சுவதோடு நின்றுவிடுகிறான். அரசின் முதியோர் நல அலுவலரிடமிருந்தும் உருப்படியான உதவி எதுவும் கிட்டுவதில்லை. அந்நாவலின் தலைப்பே முதுமை மறதிக்கு மறுபெயராக மக்கள் வழக்கிற் புகுந்தது. சமூகத்தின் கடமையாக எழுந்த பிரச்சினை இறுதியில் அகிகோவின் மனமாற்றமாகச் சுருங்கிவிடுகிறது என்பது நமது கணிப்பு. எனினும், ஊதியமற்ற இவ்வுழைப்பு எவர் தோளில் இறங்குகிறது என்பதை அந்நாவல் போல் துலக்கமாகக் காட்டிய அரச அறிக்கை எதுவும் அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. 1980 இல் கியோத்தோவில் நோயாளரின் குடும்பத்தினர் தமக்கெனச் சங்கமொன்றை அமைத்தனர்.

1973 இல் எழுபது வயதினருக்கு மருத்துவம் இலவசமாக்கப்பட்டது. வீட்டில் பராமரிக்க ஆளில்லாத முதியோர் வைத்தியசாலைக் கட்டில்களை நிரப்பினர். 2000 ஆம் ஆண்டிலேயே பராமரிப்புக் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. அதன் நிதியிற் பாதி வரிப்பணம். மறுபாதி நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் செலுத்தும் தவணை. மருமகளின் கடமை எனக் கொள்ளப்பட்ட வேலை சமூக உழைப்பாக அங்கீகரிக்கப்பட்டமையே இதன் வரலாற்று முக்கியத்துவம்.

2005 இல் தொடங்கிய இயக்கம் வேறு வகையானது. தொண்ணூறு நிமிட இலவச வகுப்பு. முடிவில், 'ஆதரவாளர்' என்பதற்கு அடையாளமாகக் கைக்கு ஒரு செம்மஞ்சள் வளையம். பொலிசார், வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிச் சிறுவர் என ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வகுப்பிற் பங்குபற்றியுள்ளனர். இதனை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. வழிதவறித் தெருவில் நிற்கும் முதியவரை அதட்டாது விசாரிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது சிறிய காரியமன்று. ஆனால், ஆதரவாளர் ஊதியம் பெறுபவரல்லர். அவருக்குக் கட்டாயக் கடமை எதுவுமில்லை. வகுப்புக்கு ஆகும் செலவு வீட்டுப் பராமரிப்பாளரின் சம்பளத்தோடு ஒப்பிடத்தக்கதே அன்று. எனவே, விழிப்புணர்வுக்கான ஒதுக்கீட்டைத் தனியே எடுத்து மெச்சுதல் பொருந்தாது. பராமரிப்புக்கான ஒதுக்கீட்டுடன் சேர்த்தே அதனை நோக்கவேண்டும்.

அவ்வாறு நோக்கின், 2015 ஆம் ஆண்டு மனங்கொள்ளத்தக்கது. அவ்வாண்டு ஜனவரியில் மறதிநோய்க்கான புதிய தேசியத் திட்டம், நோயாளர் தம் ஊரிலேயே வாழவேண்டும் என்ற குரலுடன் அறிவிக்கப்பட்டது. ஏப்ரலில் பொதுப் பராமரிப்பு இல்லங்களின் அநுமதி, சில விதிவிலக்குகளுடன், கடுமையான நிலையினருக்கு மட்டுப்படுத்தப்பட்டது. ஓகஸ்டில் ஓரளவு வருமானமுடைய முதியோர் கையிலிருந்து கொடுக்கவேண்டிய பங்கு பத்து வீதத்திலிருந்து இருபது வீதமாயிற்று.

இவ்விடத்து ஒரு வழக்கைக் குறிப்பிடுதல் வேண்டும். 2007 இல் ஐச்சி மாநிலத்தில் மறதிநோயுற்ற 91 வயது முதியவர் ஒருவர், 85 வயதான மனைவி சற்றே கண்ணயர்ந்த வேளையில் வெளியேறிப் புகையிரதத்தில் மோதி இறந்தார். சேவை தடைப்பட்டமைக்காகப் புகையிரத நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2013 இல் கீழ்நீதிமன்றம் ஏறத்தாழ 72 இலட்சம் யென் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே குடும்பத்துக்குப் பொறுப்பில்லை என்றது. அம்முதியவரைப் பராமரிப்பதற்கென்றே யொக்கஹாமாவிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்தவர் அவரது மருமகள். அரியோஷியின் நாவல் வெளிவந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள்.

2019 இல் வேறொரு போக்கும் தலைகாட்டியது. எழுபதுகளில் உள்ளோரிடையே நோயாளர் விகிதத்தை ஆறு ஆண்டுகளில் ஆறு வீதத்தாற் குறைப்பது என்ற இலக்கு அரச வரைவில் இடம்பெற்றது. தடுக்கக்கூடியதைத் தடுக்கத் தவறியவர்கள் என்ற பழி தம்மீது விழும் என நோயாளரும் குடும்பத்தினரும் எதிர்ப்புத் தெரிவித்தனர், இலக்கு கைவிடப்பட்டது. 'சிஹோ' என்ற சொல் போனபின்னும் அதன் நிழல் எஞ்சியிருந்தமைக்கு இது சான்று.

2023 இல் நிறைவேறிய மறதிநோய் அடிப்படைச் சட்டம் 2024 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நோயாளரின் உரிமையைப் பேசும் அச்சட்டம், மக்களிடையே சரியான அறிவைப் பரப்புதலையும் அரசின் கடமையாக்குகிறது. அதே ஆண்டு ஏப்ரலில், வீடு தேடிச் சென்று பராமரிக்கும் சேவைக்குக் காப்புறுதியிலிருந்து வழங்கப்படும் அடிப்படைக் கட்டணம் குறைக்கப்பட்டது. அச்சேவையில் உழைப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் அறுபதைத் தாண்டியவர்களும் பலர்.