அத்தாரியில் இறங்கி ஏறிய ரயில்

தலைநகரில் பிழைக்கவந்த நாம் ஊருக்குப் புறப்படும்போது, பயணச்சீட்டும் ஓர் அடையாள அட்டையும் இருந்தால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி அமர்ந்துவிடலாம். ஆனால், பழைய டெல்லி நிலையத்திலிருந்து வாரம் இருமுறை இரவில் புறப்பட்ட ஒரு ரயிலுக்கு இவை போதவில்லை. பாஸ்போர்ட்டும் பாகிஸ்தான் விசாவும் வேண்டியிருந்தன. அதுவே சம்ஜௌதா எக்ஸ்பிரஸ். சம்ஜௌதா என்றால் உடன்பாடு என்று பொருள்.

1972-ஆம் ஆண்டின் சிம்லா ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, 1976 ஜூலை 22 அன்று அமிர்தசரஸுக்கும் லாகூருக்கும் இடையே இந்த ரயில் ஓடத் தொடங்கியது. 1994 முதல் எல்லையோர நிலையமான அத்தாரியே இந்தியப் பக்கத்தின் முடிவிடமாயிற்று. டெல்லிப் பயணிகள் இணைப்பு ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து, காலையில் அங்கே மூட்டை முடிச்சுகளோடு இறங்கவேண்டும்.

அதன்பின்பே உண்மையான பயணம் ஆரம்பமாகும். குடியேற்ற அதிகாரிகள் பாஸ்போர்ட்டையும் விசாவையும் சரிபார்த்து முத்திரையிடுவர். சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்து சோதிப்பர். அதற்குப் பிறகே லாகூர் ரயிலில் ஏறலாம். சில கிலோமீட்டரில் வாகா வந்துவிடும். அங்கே பாகிஸ்தான் அதிகாரிகளிடம் இதே சோதனைகள் மறுபடியும் நடக்கும். அத்தாரியிலிருந்து லாகூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். எனினும் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. விசாவில் குறிப்பிட்ட நகரங்களுக்கு மட்டுமே செல்லவும் முடிந்தது.

இத்தனை பாடுகளைச் சகித்தவர்கள் யார்? 1947 பிரிவினையில் இரு தேசங்களாய்ச் சிதறிய குடும்பத்தினரே பெரும்பாலோர். விமானக் கட்டணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்கு, உடன்பிறந்தாளின் முகத்தைக் காண இதுவே வழியாயிருந்தது.

நாடாளுமன்றத் தாக்குதலுக்குப்பின் 2002 ஜனவரியில் நிறுத்தப்பட்ட ரயில், 2004 ஜனவரியில் மீண்டும் ஓடியது. 2007 பிப்ரவரி 18 இரவு, பானிபட் அருகே தீவானாவில் பெட்டிகளில் மறைத்துவைத்திருந்த குண்டுகள் வெடித்து 68 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பாகிஸ்தானியர். அடையாளம் காணமுடியாதபடி எரிந்துபோன சடலங்கள் பானிபட் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டன. அதற்குப் பின்னும் ரயில் நின்றுவிடவில்லை. 2019 ஆகஸ்டில்தான் நின்றது, பின்னர் ஓடவில்லை.

தமிழருக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. இலங்கை செல்வோர் மண்டபம் முகாமில் சோதனை முடித்து, தனுஷ்கோடியில் கப்பலேறிய காலம் ஒன்றிருந்தது. 1964 டிசம்பர் புயல் அந்த வழியை அழித்தது. அங்கே இயற்கை பிரித்தது. இங்கே மனிதர் பிரித்தனர்.

ஒரே பயணச்சீட்டில் தாய்வீடு சென்று திரும்பும் நாம், எல்லைக்கு அப்பால் உறவுகளை விட்டு அழைப்புக்காகக் காத்திருப்போரை மறவாதிருப்போமாக.