ஆட்டுப்பட்டியும் பள்ளிப்பாடமும்

கொழும்பிலிருந்து மலைநாட்டை நோக்கிச் செல்லும் புகையிரதம், பேராதனையைக் கடந்து, மகாவலி கங்கையை அண்டி வந்து, நாவலப்பிட்டியிற் சற்றே இளைப்பாறுகின்றது. பெருமலை ஏற்றம் தொடங்குவது இங்கேதான். 1874-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இவ்வூரை எட்டியது. முதலிற் கோப்பியும், பின்னர்த் தேயிலையும் மலைகளிலிருந்து இவ்வழியே இறங்கின. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களைச் செழிக்கச் செய்தது மழை. வைகாசி பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் அம்மழை, நாட்கணக்கில் விடாது பெய்யும். ஆனால், தேயிலைக்கு உகந்தது எல்லா உயிர்க்கும் உகந்ததன்று.

செம்மறியாடு வரண்ட நிலத்துக்குரிய பிராணி. இலங்கையில் அது பெருகி வாழ்வது வடபகுதியிலேயே. யாழ்ப்பாணச் செம்மறி எனப்படும் இனத்துக்கு மேனாட்டுச் செம்மறிகளைப் போலக் கம்பளி கிடையாது. குறுகிய உரோமமே உண்டு. வெயிலைத் தாங்கும் அவ்வினம் ஓயாத ஈரத்தைத் தாங்குவதில்லை. சேற்றில் நின்றால் குளம்பிடுக்கு ஊறிப் புண்ணாகிறது; நிலத்தை ஒட்டி மேய்வதால், ஈரப் புல்லில் வாழும் புழுக்களும் வயிற்றை அடைகின்றன. வெள்ளாடோ தலைக்கு மேலே உள்ள தழையை எட்டிப் பிடித்துத் தின்னும் இயல்புடையது. ஆதலினாற்றான் நாவலப்பிட்டிப் பக்கத்துக் குடும்பங்கள் செம்மறியை விட்டு வெள்ளாட்டைத் தேர்ந்துகொண்டன.

தோட்டத்து லயங்களின் பின்புறத்தில் இரண்டு மூன்று ஆடுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் பல. அவ்வீடுகளில் ஆடு வளர்ப்பது ஒருவர் வேலையன்று. பொழுது விடிந்ததும் தாய் கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து மலைக்குப் போகிறாள். தந்தை தமது வேலை முடிந்து திரும்புகையில் ஒரு கட்டுத் தழையோடு வருகிறார். பலா இலை, சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியன ஆட்டுக்கு விருப்பமான உணவு. பகலிற் பட்டியைப் பார்த்துக்கொள்பவள் அப்பாயி. பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் தண்ணீர் வைக்கிறார்கள். குட்டிகளைப் பிடித்துக் கட்டுகிறார்கள். பட்டியும் தரையிலே கிடப்பதில்லை. கால்கள் நட்டு, சட்டங்களை இடைவெளிவிட்டுப் பரப்பி, பரண் போல உயர்த்திக் கட்டியிருப்பார்கள். எச்சம் இடுக்கு வழியே கீழே விழும். ஆட்டின் கால் உலர்ந்திருக்கும். விழுந்த எரு மரக்கறித் தோட்டத்துக்குப் போகும்.

ஆடு அக்குடும்பத்தின் உண்டியலும் ஆகும். நோய் வந்தாலும், சடங்கு வந்தாலும், தை மாதத்திற் பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்கவேண்டி வந்தாலும், ஒரு கிடாய்க்குட்டி விலைபோகும். இவ்வாறு ஆட்டுப்பட்டிக்கும் பாடசாலைக்கும் ஓர் உறவு முன்னரே உண்டு. ஆனால் அது பணத்தளவில் நின்றுவிடுகிறது. பட்டியிலிருந்து பாடசாலைக்குப் பணம் மாத்திரமன்றி அறிவும் போகலாம் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இதற்கு வரலாற்றிலே காரணம் உண்டு. 1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதி செய்தல் தோட்ட நிருவாகத்தின் கடமை என்றது. எனினும், ஓர் ஆசிரியரும் ஓர் அறையுமாக, கீழ் வகுப்புகளோடு நின்றுவிட்ட பாடசாலைகளே மிகுதியாக இருந்தன. 1945-இல் நாடு முழுவதற்கும் இலவசக் கல்வி வந்த பின்னரும் தோட்டப் பாடசாலைகள் பின்தங்கியே கிடந்தன. 1977-ஆம் ஆண்டு முதற்கொண்டே அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகையால், இன்றைய பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் பலர் இரண்டு மூன்று வகுப்புக்கு மேற் படித்தவர்களல்லர்.

இத்தகைய வீட்டுக்குள்ளே ஒரு மாலைப்பொழுதில் ‘செயற்றிட்டம்’ என்னும் சொல் நுழைகின்றது. பிள்ளை ஒரு பொருளைத் தானே தேடி, கண்டு, அளந்து, எழுதிவரச் செய்யும் கற்பித்தல் முறை இது. அமெரிக்கக் கல்வியறிஞர் கில்பற்றிக் 1918-இல் எழுதிய கட்டுரையொன்று இம்முறையை உலகறியச் செய்தது. இலங்கையில் 1990-களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தம், சுற்றாடலைக் கண்டு கற்பதற்கு ஆரம்ப வகுப்புகளிலேயே இடம் வகுத்தது. “உங்கள் வீட்டுப் பிராணி ஒன்றைப் பற்றி எழுதி வாருங்கள்” என்று ஆசிரியர் சொல்லிவிடுகிறார். பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கிறது. “எனக்கு என்ன தெரியும் கண்ணு? படிச்சவங்களைக் கேளு” என்கிறாள் அப்பாயி. தந்தையோ கடையிற் படம் வாங்கப் பணம் கொடுக்கிறார். அல்லது பக்கத்து லயத்தில் மேல்வகுப்பிற் படிக்கும் பையனைக் கொண்டு முழுவதையும் எழுதுவித்துவிடுகிறார். கொப்பி அழகாக இருக்கிறது. பிள்ளை மட்டும் ஒன்றும் கற்கவில்லை.

“எனக்கு என்ன தெரியும்” என்ற அந்த அப்பாயிக்குத் தெரிந்தது யாது? நாள்தோறும் அவள் சொல்லும் ஒரு வார்த்தையை எடுத்துக்கொள்வோம். “பனி காயும் முன்னே ஆட்டை அவிழ்த்து விடாதே.” ஏன் என்று கேட்டால், “வயிற்றுக்கு ஆகாது” என்பாள். அவள் சொல்வது முற்றிலும் உண்மை. ஆட்டின் இரைப்பையிலே குருதியை உறிஞ்சி வாழும் ஒருவகைப் புழு உண்டு. பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. அவை எச்சத்தோடு நிலத்தை அடைந்து, சூடும் ஈரமும் கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில், நோயுண்டாக்கவல்ல குடம்பிகளாகின்றன. புல்லின்மேற் படிந்துள்ள ஈரப்படலத்தின் வழியே இக்குடம்பிகள் மேலே ஊர்ந்து, மேய வரும் ஆட்டின் வாயை எதிர்நோக்கி இருக்கின்றன. ஈரம் உலர்ந்தால் அவை கீழிறங்கும், அல்லது மடியும். மழை விடாத நாளில் ஆட்டைப் பரணிலேயே நிறுத்தி, உயரத்திலிருந்து ஒடித்த தழையைப் போடுவதன் பொருளும் இதுவே. அப்பாயி அறிந்தது விதி. புத்தகம் தருவது காரணம். இவ்விரண்டையும் சேர்த்துவைக்கும் வேலை பிள்ளையினுடையது. செயற்றிட்டம் என்பதன் சாரமே அதுதான்.

இன்னுமொன்று. ஆடு சோர்ந்து நின்றால், பெரியவர்கள் அதன் கீழிமையை விரலால் விலக்கிப் பார்ப்பார்கள். உட்புறம் சிவந்திருந்தால் நலம். வெளுத்திருந்தால் குருதி குறைந்துவிட்டது என்பது கருத்து. இதே அறிகுறியைக் கொண்டு, 1990-களில் தென்னாபிரிக்க அறிஞர்கள் ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையொன்றை ஆக்கினார்கள். இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, எந்த ஆட்டுக்கு மருந்து வேண்டும் என்று தீர்மானிக்கும் அம்முறை பல நாடுகளிலே பரவியுள்ளது. லயத்து முற்றத்திற் பாட்டன் செய்வதும் ஆராய்ச்சியாளர் செய்வதும் ஒன்றே என்று அறியும் பிள்ளை, பாட்டனையும் பாடத்தையும் ஒருங்கே மதிக்கக் கற்கும்.

கணிதத்துக்கும் பட்டியில் இடமுண்டு. சினையாடு ஏறக்குறைய 150 நாட்களில் ஈனும்; கிடாய் சேர்ந்த நாளை நாட்காட்டியிற் குறித்து, குட்டி வரும் நாளைப் பிள்ளை கணக்கிடலாம். குட்டியின் மார்புச் சுற்றளவை வாரந்தோறும் ஒரு நூலால் அளந்து, அந்நூலை அடிமட்டத்தில் வைத்துப் பார்த்து எழுதி வந்தால், வளர்ச்சியைக் காட்டும் வரைபு தானே உருவாகும். பிறந்த குட்டிக்குச் சீம்பாலைச் சில மணிநேரத்துக்குள் ஊட்டவேண்டும் என்று தாய் அவசரப்படுவதன் காரணத்தைத் தேடினால், நோயெதிர்ப்புச் சக்தியைப் பற்றிய பாடம் அங்கே திறக்கிறது.

ஆகவே, பெற்றோர் செய்யவேண்டிய உதவி எளியது. தமக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும்; தெரியாததை, “ஆசிரியரிடம் கேட்டு வந்து எனக்கும் சொல்லு” என்று தயங்காது கூறவேண்டும். விளக்கொளியும் ஒரு மூலையும் அரைமணி நேர அமைதியும் கொடுக்கவேண்டும். எழுதும் கை பிள்ளையின் கையாகவே இருக்கவேண்டும். எழுத்துக் கோணினாலும் குற்றமில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஆடு ஈனும் நாளென்றும், தழை இல்லையென்றும், வீட்டில் ஆளில்லையென்றும் சொல்லிப் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாது நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருக்குமாயின், அதை விட்டொழித்தல் வேண்டும். ஆடு பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டுமேயன்றி, ஆட்டுக்காகப் பிள்ளை படிப்பை இழக்கலாகாது. பட்டியில் இழந்த குட்டிக்கு ஈடாக மறு ஈற்றிற் குட்டி வரும். தவறிய வகுப்பு அவ்வாறு திரும்புவதில்லை.

ஆசிரியருக்கும் இதிற் பங்குண்டு. வாழும் இடத்தையே பாடமாக்கும் எண்ணம் கண்டி மாவட்டத்துக்குப் புதியதன்று. 1930-களில் ஹந்தெஸ்ஸவிலே தோன்றிய கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்துத் தொழிலையும் வாழ்வையும் பாடசாலைக்குள் கொண்டுவர முயன்றது. கடையில் வாங்கிய படத்துக்குப் புள்ளி கொடாது, பிள்ளை அளந்துவந்த நூலுக்குப் புள்ளி கொடுக்கும் ஆசிரியர் இருந்தால், அடுத்த முறை பிள்ளை கடைக்குப் போகாது. கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு பட்டிக்கே போகும். அப்பாயியும் கூடவே எழுந்து வந்து, பரணருகில் நின்று, தனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்குவாள்.